பழவேற்காட்டில் புதுக்குடித்தனம்: சில மறுப்புகள்

பழவேற்காட்டைப் பற்றி நம் இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது. சென்னையிலிருந்து அதிகாலைப் பயணம். பூநாரைக் கூட்டம். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். 1613இல் எழுந்த ஜெல்டிரியா கோட்டையின் புதர் மண்டிய மிச்சம். பிறகு ஒரு படகு, அதில் வெற்றுடம்போடு ஒரு முதியவர். கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் ஏரியை வெறித்தபடி காலத்தின் நிலையாமையைப் பற்றிச் சிந்திப்பார். அண்மைக் காலமாக இந்த வாய்பாட்டில் ஓர் இளம் இணையும் சேர்ந்திருக்கிறது. புதிதாக மணமானவர்கள், சிறிய வீடு. அவன் ஏரிக்குப் போகிறான், அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். 'நெய்தல்' என்ற சொல் அந்தப் பத்தியில் தவறாமல் வந்துவிடும்.

முதியவரையும் பூநாரைகளையும் விட்டுவிடலாம். என் மறுப்பு அந்த வாசலில் நிற்கும் பெண்ணைக் குறித்தது. அவளை அங்கே நிறுத்தியது யார்?

முதலில் நம் பண்டிதர்கள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். திணைப் பாகுபாடு கவிதைக்கான இலக்கணம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அல்ல என்பதை அறிந்தவர்கள்கூடக் கடற்கரைக்குப் போனதும் அதை மறந்துவிடுகிறார்கள். அங்கு காணும் எந்தப் பெண்ணும் இரங்கிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. அக இலக்கணத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. மணத்துக்கு முன் காதலர்கள் வெளியில் நடமாடலாம். புன்னை நிழலும் தாழை மறைவும் கழிக்கரையும் அவர்களுக்குரியவை. மணம் முடிந்ததும் அவள் பெரும்பாலும் மனைக்குள் போய்விடுகிறாள். களவு வெளியில், கற்பு வீட்டில். இத்தனைக்கும் நற்றிணையின் 172ஆம் பாடலில் ஒரு புன்னை மரமே தலைவிக்கு உடன்பிறந்தவளாகச் சொல்லப்படுகிறது. அந்த மரத்தடியில் காதலனோடு பேச அவள் நாணுகிறாள். வீடு எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை அந்தக் கவிஞர் எழுப்பிவிட்டார். நாம்தான் அதைப் பாடப்புத்தகமாகச் சுருக்கிக்கொண்டோம்.

அடுத்து 'செம்மீன்'. தகழியின் நாவல் 1956இல் வந்தது. சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கினார். 1965இல் வந்த திரைப்படத்தைப் பார்க்காத இலக்கிய வாசகர் அந்தத் தலைமுறையில் அரிது. கருத்தம்மா பழனியை மணந்து அவன் ஊருக்குக் குடிபோவதும், அந்தச் சிறு வீட்டில் இருவரும் வாழ்க்கையைத் தொடங்குவதும், ஊரின் வம்புப் பேச்சு பழனியைப் படகிலிருந்து ஒதுக்குவதும் நாவலின் வலுவான பகுதிகள். ஆனால் நம் நினைவில் தங்கியதோ கரையில் இருப்பவளின் கற்புதான் கடலில் இருப்பவனைக் காக்கிறது என்ற ஒற்றைத் தொன்மம். தகழி அதை ஒரு சமூகத்தின் நம்பிக்கையாக எழுதினார். நாமோ எல்லா மீனவப் பெண்களுக்கும் பொருந்தும் விளக்கமாக எடுத்துக்கொண்டோம். வங்கக் கடலின் ஓரத்தில், இடுப்பளவு ஆழம்கூடப் பல இடங்களில் இல்லாத ஓர் உவர்நீர் ஏரியில் வாழ்பவர்களுக்கும் அந்தத் தொன்மத்தையே போர்த்துகிறோம். தமிழின் கடல் நாவல்களும் இங்கே உதவவில்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' எல்லாம் தெற்குக் கரையின் பரதவர் உலகம். வடக்கே, பட்டினவர்களும் இருளர்களும் பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்களும் வாழும் இந்த ஏரிக்கரையின் வாழ்க்கை வேறு விதிகளால் ஆனது.

அந்த விதிகளில் முதன்மையானது பாடு. ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்தை ஒட்டி, இறால் வரத்து மிகுந்த நீர்ப்பரப்புகளை வரையறுத்து, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலையிடலாம் என்பதைச் சுழற்சி முறையிலும் சீட்டுப் போட்டும் தீர்மானிக்கும் பழைய ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் இந்த உரிமையைத் தலைமுறைகளாகக் கையாண்டுவருகின்றன. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் மாறிமாறி வரும். ஒருவனே கொழுத்துவிட முடியாது, ஒருவன் முற்றாகப் பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை. பொதுச்சொத்து என்றால் அழிந்தே தீரும் என்று சொல்லித்தரும் பொருளியல் பாடநூல்களுக்கு இந்த ஏரி நெடுங்காலமாக மறுப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதில் திருமணம் எங்கே வருகிறது? மணமான ஆணைத் தலைக்கட்டாக எண்ணி, ஊர்வரியும் ஊர்ப்பேச்சில் இடமும் தருவது பட்டினவர் ஊர்களில் பரவலான வழக்கம். தலைக்கட்டு ஆனவனுக்குத்தான் ஊரின் பொது உரிமைகளில் பங்கு. ஆகவே அங்கே ஓர் இளம் இணை குடித்தனம் தொடங்குகிறது என்றால் இரண்டு பானையும் ஒரு கட்டிலும் வாங்கிப்போடுகிறார்கள் என்பது பொருளல்ல. ஏரியில் ஒரு புதிய பங்கு உருவாகிறது. நகரத்தில் நாம் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒரு கூரையைப் பெறுகிறோம்; அங்கே கூரை சொந்தக்காரர்கள் கூடி ஒரே நாளில் போட்டுவிடக்கூடியது. பெற முடியாதது நீர். அந்த வீட்டின் பெரிய அறை ஏரிதான்.

அந்த அறையில் அவளும் நடமாடுகிறாள் என்பதைத்தான் நம் கட்டுரையாளர்கள் காண்பதில்லை. வேறொரு குப்பத்திலிருந்து, ஒருவேளை கடலை நேரே பார்க்கும் ஓர் ஊரிலிருந்து, மணமாகி வந்த பெண்ணை எண்ணிப்பாருங்கள். அலைகடலை அறிந்தவளுக்கு இந்த ஏரி அந்நியம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்து நீர் இனிப்பதையும், கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து உப்பு ஏறுவதையும், எந்த மாதத்தில் மடவை, எந்த மாதத்தில் இறால், எப்போது நண்டு என்பதையும் அவள் மாமியாரிடமும் ஓரகத்தியிடமும் கேட்டுக் கேட்டுத்தான் அறிகிறாள். எந்தச் சேற்றில் கால் புதையும், எந்தத் திட்டு வரை நடந்தே போகலாம் என்பதைக் காலால் அறிகிறாள். பிடித்ததை விலையாக்குவது, வலைக்குப் பணம் புரட்டுவது, வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தைக் கணக்கிட்டு அடைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் பாடு. (பாடு என்ற சொல்லுக்கு உழைப்பு என்றும் துன்பம் என்றும் பொருள் இருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.) மணமான முதல் ஆண்டில் இருவரும் சேர்ந்து ஏரியில் சுற்றுவது உலாவா, வேலையா, காதலா என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாதது நம் குறை, அவர்களுடையது அல்ல.

நகரத்திலிருந்து மணப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒப்பனையோடு கூட்டிவந்து, கரையில் கிடக்கும் படகில் ஏற்றிப் படமெடுத்துப் போகிறவர்களுக்கும் இந்த ஏரி வெளிதான். அவர்கள்மீது எனக்குப் பெரிய கோபமில்லை. ஆனால் 2011 கிறிஸ்துமஸ் நாளில் உலா சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி இது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆழமில்லாத நீர் அபாயமற்றது என்று எண்ணுவது வெளியாரின் அறியாமை. ராக்கெட் ஏவும் நாளில் இதே கரையில் கூட்டம் கூடிக் கைதட்டுகிறது. அன்று மீனவர்களுக்கு வடக்கே கடலுக்குள் போகத் தடை. 1969இல் ஸ்ரீஹரிகோட்டா விண்தளத்துக்கெனத் தேர்வானபோது அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் இந்தக் காட்சியை எப்படிப் பார்ப்பார்கள் என்று எந்தப் பயணக் கட்டுரையும் கேட்டதில்லை.

இதெல்லாம் இலக்கியத்துக்குத் தேவையா, இலக்கியம் ஆவணமா என்று சில நண்பர்கள் கேட்பார்கள். அழகியல்வாதிகளின் பழைய கேடயம் இது. ஆவணம் வேண்டாம், சரி. ஆனால் வாசலில் நின்று இரங்கும் மனைவி என்பதும் ஓர் ஆவணமே, பிழையான ஆவணம். அதன் விளைவு இலக்கியத்தோடு நிற்பதில்லை. மீனவரின் வீடு வேறு, நீர் வேறு என்று நாம் படைக்கும் இதே கற்பனைதான் அரசுக் கோப்புகளிலும் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழக அரசு 2005இல் மறுவாழ்வு வீடுகளுக்கான ஆணையை வெளியிட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தவர்கள் உள்ளே தள்ளிப்போனால் இலவச வீடு. போகாவிட்டால் பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசின் உதவி கிடைக்காது. விட்டுவந்த இடம் அரசுக்கு. இந்த ஆணையில் ஒரு நல்ல கூறும் இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்றது. எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் அதுவரை பெண்ணுக்குத் தராத ஒன்று அது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அரசு தரும் வீட்டில் அவள் பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. ஊர் தரும் ஏரியில் அவள் பெயர் இல்லை. இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவில்தான் அந்தப் புதுக்குடித்தனம் நடக்கிறது. இரங்கலை எழுதுகிறவர்கள் இதை எழுதட்டும்.

பாட்டைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்ளும் நண்பர்களிடமும் எனக்கு உடன்பாடில்லை. பாடு சமத்துவமானதுதான், உள்ளே இருப்பவர்களுக்கு. பிற சாதியினருக்கு அதில் இடமில்லை. ஏற்றுமதியால் இறாலின் விலை ஏறியபின் ஏரிக்குள் வந்த சச்சரவுகள் பலவற்றின் வேர் இதுதான். வலையும் படகும் இல்லாமல் நீரில் இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் இந்தக் கழிகளில்தான் வாழ்கிறார்கள். கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளும் நீருக்குள். அவர்களிலும் புதிதாக மணமானவர்கள் உண்டு, அவர்களுக்கும் ஒரு குடித்தனம் உண்டு. பொதுமை என்ற சொல்லைப் பெருமையோடு உச்சரிக்கும் முன் அது யாருடைய பொதுமை என்று கேட்டுக்கொள்வது இடதுசாரி நண்பர்களுக்கு அழகு.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறைத்துப் பேச முடியாது. பாட்டை ஊருக்குள் விவாதித்து மாற்றலாம், விரிக்கலாம். கரையே போய்விட்டால் விவாதிக்க ஒன்றும் மிஞ்சாது. 1870களுக்குப் பின் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் முதல் கடல் கரையைத் தின்றது. இந்தக் கரையோரம் மணல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது; வழியில் கல்லைப் போட்டால் வடக்கே உள்ளவனுக்கு மணல் இல்லை. 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அடுத்த பத்தாண்டு கழித்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம். அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் மாற்றப்பட்டது. 2018இல் அந்தத் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. சுமார் 330 ஏக்கரில் இருப்பதைக் கடலின் ஒரு பகுதியையும் தூர்த்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் பின்னர் முன்வைக்கப்பட்டது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பால் தள்ளிப்போயிற்று. காட்டுப்பள்ளிக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு. அது கரைந்தால் ஏரி கடலாகிவிடும், பாடும் முடிந்துபோகும்.

அப்படியொரு கூட்டம் கூடினால் இழப்பீடு பற்றித்தான் முதலில் பேசுவார்கள். எத்தனை வீடுகள், எத்தனை சதுர அடி, எவ்வளவு தொகை. வீட்டுக்கு விலை போட முடியும், ஏனெனில் அதற்கு நான்கு சுவர் இருக்கிறது. ஏரியில் ஓர் இளம் தலைக்கட்டின் பங்கு எவ்வளவு? மணமாகி ஓராண்டு அவனோடு நீரில் நடந்து அவள் கற்றுக்கொண்டதற்கு என்ன விலை? அந்தப் பட்டியலில் இவற்றுக்கான பத்தி இருக்காது. மீனவரின் வாழ்க்கை வாசலோடு முடிந்துவிடுகிறது என்று கோப்பை எழுதும் அதிகாரியும் நம்புகிறார். அவரும் ஒருகாலத்தில் நம் இதழ்களை வாசித்தவராக இருக்கலாம்.

பழவேற்காட்டைப் பற்றி அடுத்து எழுதப்போகும் நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். கல்லறைத் தோட்டத்தை ஒரு மணி நேரம் சீக்கிரம் முடித்துக்கொண்டு, கோட்டைக்குப்பத்துக்கோ இருளர் குடியிருப்புக்கோ போய், இந்த ஆண்டு குடித்தனம் தொடங்கியவர்களிடம் அவர்கள் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் உங்களை எந்தப் பக்கம் அழைத்துப்போகிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.