எய்ம்ஸ் கற்றுத்தந்த பாடம்: பென்னாகரம் ஆபீஸுக்கும் ‘சப்நெட்’ வேண்டும், ஏன்?

2022 நவம்பர் 23. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட், பில் எல்லாமே பல நாட்கள் கையால் எழுதப்பட்டன. 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவைப் பூட்டிவிட்டார்கள். இது எப்படி நடந்தது? நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் மத்திய அரசே பதில் சொன்னது.

‘அது டெல்லி, நமக்கென்ன?’ என்று கேட்கலாம். பென்னாகரத்தையே எடுத்துக்கொள்வோம். தாலுகா ஆபீஸ், மாவட்டத் தலைமை மருத்துவமனை எல்லாம் இருக்கிற ஊர். ஒகேனக்கல்லும் இதே தாலுகாதான். அங்கே ஒரு லாட்ஜ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பில் போடும் கணினி, சிசிடிவி, பிரின்டர், விருந்தினர் வைஃபை என எல்லாம் ஒரே ரவுட்டரில். ஒரு நாள் தங்கவந்தவரின் போனில் வைரஸ் இருந்தால், அது பில் கணினியின் வாசலிலேயே நிற்கிறது. ஆதார் நகல் உட்பட எல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கும்.

இதைத் தடுக்கும் முதல் வேலைதான் சப்நெட். 192.168.1.25 என்ற ஐபி முகவரியில் முதல் மூன்று எண்கள் தெருப் பெயர், கடைசி எண் கதவு எண். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் ஒரே நீளத் தெரு, 254 கருவிகள். அதையே 255.255.255.192 என்று மாற்றினால் நான்கு தெரு, ஒவ்வொன்றிலும் 62 கருவிகள். ஊழியர்களுக்கு 1 முதல் 62, கேமராவுக்கு 65 முதல் 126, விருந்தினருக்கு 129 முதல் 190. கடைசித் தெரு பிரின்டருக்கு. கணக்கு அவ்வளவுதான்!

ஆனால், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணை மட்டும் பிரித்துவிட்டு, எல்லா வயரையும் பழைய சாதாரண ஸ்விட்ச்சிலேயே செருகினால் பிரயோஜனமில்லை. யார் வேண்டுமானாலும் தன் ஐபியைக் கையால் மாற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் நுழையலாம். அதனால் ‘விலான்’ வசதியுள்ள ஸ்விட்ச் தேவை. அது போட்டாலும் வேலை முடியாது. தெருக்களை இணைத்துவிடுவது ரவுட்டரின் இயல்பான வேலை. நாம் தடை போடாவிட்டால் அது எல்லோரையும் விட்டுவிடும். விருந்தினர் வைஃபையிலிருந்து பில் கணினிக்கு வழி கிடையாது, கேமராவுக்கு இன்டர்நெட் கிடையாது என்று விதி எழுத வேண்டும். என்னைக் கேட்டால், சப்நெட்டைவிட இந்த விதிகள்தான் முக்கியம்.

‘பிரிச்சா பிரின்டர் வேலை செய்யாது சார், அப்புறம் யார் வந்து பார்ப்பாங்க?’ என்ற பயமும் நியாயமானதுதான். சின்ன ஊரில் நெட்வொர்க் ஆளைக் கூப்பிட்டால் உடனே வரமாட்டார். அதனால் நான்கையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதலில் விருந்தினர் வைஃபையை மட்டும் பிரியுங்கள். இன்றைய பல ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற வசதி ஏற்கெனவே இருக்கிறது, ஆன் செய்தால் போதும். அடுத்து கேமரா. பிரின்டரைக் கடைசியில் பார்த்துக்கலாம்.

ஊழியர் யாராவது போலி மெயிலைத் திறந்தால் சப்நெட் அதைத் தடுக்காது. அந்தத் தெருவோடு சேதம் நிற்க வாய்ப்பு உண்டு, அவ்வளவே. பேக்கப் தனியாக வேண்டும்.

அடுத்த முறை ஆபீஸுக்குக் கணினி வாங்கும்போது கொட்டேஷனில் யூபிஎஸ், கீபோர்டு வரை எழுதுவீர்கள் இல்லையா? கூடவே ஒரு வரி சேருங்கள்: எந்தக் கருவி எந்த சப்நெட்டில், யாருக்கு எங்கே அனுமதி என்ற வரைபடம் தந்தால்தான் பில் பாஸ் ஆகும்.