கையிலிருப்பதே விருந்து

 

உறவினர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து, ஒரு வேளை உணவளித்து எத்தனை மாதங்களாயின? உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெருநாளும் நிக்காஹ்வும் நீங்கலாக, அவ்வழக்கம் நம் இல்லங்களில் அருகி வருகின்றது. காரணம் மனமின்மை அன்று, அச்சமே. பிரியாணி இன்றி எப்படி அழைப்பது? கோழியும் இனிப்பும் இல்லாவிடில் ஊரார் என்ன பேசுவர்? வசதி குறைந்த தங்கை, வசதி படைத்த அண்ணனை அழைக்கத் தயங்குகிறாள். அழைக்காததால் அண்ணன் வருவதில்லை. அவர் வராததை எண்ணித் தங்கை மனம் நோகிறாள். இவ்வாறு கறிக்கடைக் கணக்கு ஒன்று இரத்த உறவையே அறுத்துவிடுகின்றது. உறவைத் துண்டித்தல் எத்துணைப் பெரிய பாவம் என்பதை நாம் அறியாதவர்களா?

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டை (கி.பி. 628) நினைத்துப் பாருங்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணமுடித்தார்கள். தோல் விரிப்பு ஒன்று விரிக்கப்பட்டது. எவரிடம் எது உள்ளதோ அதைக் கொண்டு வருமாறு சொல்லப்பட்டது. ஒருவர் பேரீச்சம்பழம் கொணர்ந்தார். மற்றொருவர் நெய் கொணர்ந்தார். அனைத்தையும் பிசைந்து 'ஹைஸ்' என்னும் உணவாக்கினார்கள். அதுவே வலீமா விருந்து என அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. கூடியவர்களே கொண்டு வந்து கூடியவர்களே உண்டனர். அதனால் அந்த விருந்தின் மாண்பு எள்ளளவேனும் குறைந்ததா?

அதே வேளையில், செல்வரை அழைத்து ஏழையை ஒதுக்கும் வலீமாவின் உணவே உணவுகளில் தீயது என்னும் எச்சரிக்கையும் நமக்கு உண்டு. ஆக, விருந்தின் தரத்தை அளக்க வேண்டுமாயின் சட்டிக்குள் பார்ப்பது போதாது. பாயில் அமர்ந்திருப்போர் யாவர் என்றும் பார்த்தல் வேண்டும். இதுவே சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாடு. கஞ்சன் ஆளைக் குறைப்பான். சிக்கனக்காரன் ஆடம்பரத்தைக் குறைப்பான்.

கொல்லிமலை அடிவாரமான எங்கள் முள்ளுக்குறிச்சிப் பகுதிக்கு இதில் ஒரு பழம்பெருமையும் உண்டு. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனைக் காட்டில் கண்ட வன்பரணர் புறநானூற்றில் பாடியுள்ளார். யாரென்று அறியாத பாணர் கூட்டத்துக்கு அவன் வேட்டையில் கிடைத்த மானிறைச்சியை அளித்துப் பசியாற்றினான், பொன்னும் வழங்கினான். அரண்மனைக்குச் சென்று அறுசுவை சமைக்கும்வரை அவர்களைக் காத்திருக்க வைக்கவில்லை. கையிலிருந்ததைத் தயங்காது அளித்தான்.

நம் கையில் என்ன இருக்கின்றது? மலையிலே வாழை, பலா, அன்னாசி, மிளகு யாவும் விளைகின்றன. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் வாழ்கின்றோம். மலைமக்கள் தலைமுறை தலைமுறையாய் விளைவிக்கும் சாமையும் உண்டு. ஒரு பங்கு சாமை அரிசிக்கு இரண்டரைப் பங்கு நீர் வைத்து வடித்தெடுக்காமல் பொங்கினால் பதமாக வேகும். ஆயினும் ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபின், சாமையே ஒரு நாகரிகப் பண்டமாகிவிடக் கூடாது! நகரக் கடைகளில் அதன் விலை அரிசியை மிஞ்சுமாயின் ரேஷன் அரிசிச் சோறே போதும். முட்டைக் குழம்பு, ஒரு பொரியல், மிளகு ரசம், ஆளுக்கொரு வாழைப்பழம். இதற்குமேல் அன்புக்கு என்ன வேண்டும்?

அழைக்கும்போதே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். "அண்ணே, இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சாப்பிட வாங்க. சோறும் முட்டைக் குழம்பும்தான். அண்ணி கைப்பக்குவத்திலே கொஞ்சம் ஊறுகாய் கொண்டு வரச் சொல்லுங்க" என்று தங்கை கூறினால், அண்ணனுக்கு அதில் குறையேதும் தோன்றுமா? தன் வீட்டுப் பண்டமும் அந்தப் பாயில் இருக்கும் என்னும் உரிமையன்றோ தோன்றும்!

பரிமாறுவதிலும் ஒரு முறை உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் இன்றும் உள்ளது. முதலாளியும் கூலியாளும் ஒரே தட்டில் கை வைக்கும்போது உயர்வு தாழ்வு எங்கே நிற்கும்? தேவைக்கேற்பச் சோற்றை இடையிடையே இட்டுக்கொள்வதால் இலையோடு எறியும் நிலையும் குறையும். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. வீண்விரயம் செய்வோரை அல்லாஹ் நேசிப்பதில்லை என்பதை ஓதும் நம் வீடுகள் அக்கணக்கில் சேரலாமா?

இருவர் உணவு மூவருக்குப் போதும் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். எனவே சகோதரிகளே, இம்மாதம் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். நெடுநாள் பேசாத உறவினர் ஒருவரையும், உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவர் ஒருவரையும் அழையுங்கள். கடன் வாங்க வேண்டாம். புதுப் பாத்திரமும் வேண்டாம். வழக்கமாக வைக்கும் உலையில் இரண்டு ஆழாக்கு அரிசி கூடுதலாகப் போடுங்கள்.

அல்லாஹ் நம் உணவில் பரக்கத்தையும் நம் உறவுகளில் இணக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.