அலாரத்தை அமுக்காதே! பதிவேட்டை ஊருக்குக் காட்டு!



காவிரி டெல்டாவைக் காக்க 2020-ல் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை. வரவேற்கிறோம். ஆனால் அதற்கு முன்பே போட்ட கிணறும் குழாயும் இந்தத் தடைக்குள் வரவில்லை. நம்ம வயலுக்கு அடியில கேஸ் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. கேட்டால், "மிசின் வச்சுக் கண்காணிக்கிறோம், பயப்படாதீங்க" என்கிறார்கள். சரி, அந்த மிசின் என்ன சொல்லுதுன்னு நமக்கு யாராவது சொன்னாங்களா?

மிசின் இரண்டு விதமாக எச்சரிக்கும். கேஸ் கசிந்தால் ஒன்று. சென்சார் கெட்டாலோ, ஒயர் அறுந்தாலோ 'பழுது' என்று இன்னொன்று. காற்றில் நூற்றுக்கு 5 பங்கு மீத்தேன் சேர்ந்தால் தீப்பிடிக்கும். 1 பங்கு வந்ததுமே முதல் அலாரம் அடிக்கிற மாதிரி வைப்பது வழக்கம். தேதி, நேரத்தோடு எல்லாம் பதிவாகும். ஆனால் சிலவகை சென்சார் செத்துப்போனாலும் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். கசிவே இல்லை என்று நாம் நம்பிவிடுவோம். அதனால்தான் சோதனை கேஸ் காட்டி அடிக்கடி சரிபார்க்க வேண்டும். மீத்தேனுக்கு வாசனை கிடையாது. மிசின் ஏமாத்தினா நம்ம மூக்கும் காப்பாத்தாது.

மோட்டார் ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுதுன்னு குச்சி செருகி வச்சா என்ன ஆகும்? காயில் எரியும். அலாரம் தொல்லை என்று அமுக்கி வைப்பதும் அதே வேலைதான். இங்கே எரியப்போவது ஊர்!

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு டேங்கில் அழுத்தம் ஏறியது மீட்டரில் தெரிந்தது. மீட்டர் எப்பவும் தப்பாத்தான் காட்டும் என்று அலட்சியமாக விட்டார்கள். ஊருக்கான சைரனையும் கொஞ்ச நேரத்தில் நிறுத்தினார்கள். செத்தது ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்கள்.

ஆந்திராவில் கோதாவரி டெல்டா நகரம் கிராமத்தில் 2014 ஜூன் 27 விடிகாலை கெயில் குழாய் வெடித்தது. 20-க்கும் மேற்பட்டோர் பலி. வீடும் தென்னையும் கருகின. முன்பே கசிவு இருந்தது, சொன்னோம், கேட்கவில்லை என்று ஊர்க்காரர்கள் குமுறினார்கள். அவர்களும் நம்மைப் போல டெல்டா விவசாயிகள்தான்!

எனவே நாம் கேட்பது:

1. அலாரம், பழுது பதிவேட்டின் நகலை மாதாமாதம் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!
2. பழுது எப்போது வந்தது, யார் பார்த்தது, எப்போது சரியானது என்று எழுது! அலாரத்தை நிறுத்தி வைத்தால் யார் உத்தரவு என்றும் எழுது!
3. சென்சார் சோதனையை ஊர்க்காரர்கள் முன்னிலையில் நடத்து!
4. அங்கே அலாரம் அடித்தால் ஊரிலும் சைரன் ஒலிக்க வேண்டும்!

"அது கம்பெனி ரகசியம்" என்பார்கள். நம்ம உசுரு இருக்கிற கணக்குல அவங்களுக்கு என்னய்யா ரகசியம்? பொதுத்துறை நிறுவனம் என்றால் 2005 தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி யாரும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம்தான் கெடு.

அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். பதிவேட்டைக் கேட்டுத் தீர்மானம் போடுவோம். மறைத்தால் வாசலில் உட்காருவோம்!

குழாய் எங்கள் மண்ணில்! கணக்கு எங்கள் கண்ணில்!