மறதி அவள் குற்றமல்ல!

வடசேரிச் சந்தைக்குப் போகிறாள் ஒரு பெண். நான்கு சாமான் வாங்க வேண்டும். இரண்டைத்தான் வாங்கி வருகிறாள். அடுப்பில் தீயல் கரிகிறது. பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் தொண்டை வரை வருகிறது, வாயில் வரவில்லை.

"இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்கிறார்கள் வீட்டார்.

இல்லை! அவள் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவள்.

நாஞ்சில் நாட்டிலிருந்து சிகிச்சைக்காகப் பலர் திருவனந்தபுரம் போகிறார்கள். அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் 1981-ல் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு நிலையத்துக்குப் போகிறவர்களும் உண்டு. உயிர் பிழைத்துத் திரும்புகிறார்கள். முடி கொட்டியதை ஊரே பார்க்கிறது. மூளை களைத்ததை யாரும் பார்ப்பதில்லை!

காரணம் என்ன?

மெத்தோடிரெக்சேட் என்பது ஒரு புற்றுநோய் மருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ், அமெரிக்காவில் தலைமை தாங்கிய ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதே மருந்தை எலிகளுக்குக் கொடுத்து ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். நரம்புகளுக்கு உறை போடும் மூளை அணுக்கள் அதனால் பாதிக்கப்படுவதாக 2018-ல் அறிவித்தார்கள்.

மருந்து மட்டுமே காரணம் அல்ல. இரத்தசோகை, தூக்கமின்மை, கவலை, வேறு மாத்திரைகள் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர்களில் பலருக்கு, சிகிச்சை முடிந்து சில மாதங்களில் குறைகிறது. சிலருக்கு ஆண்டுக் கணக்கில் நீடிக்கிறது.

என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியதைச் சிறு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யுங்கள். சாவிக்கும் மாத்திரைக்கும் ஓர் இடம் வையுங்கள். முடிந்த அளவு தினமும் நடங்கள். நன்றாகத் தூங்குங்கள். மறதியை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதற்குப் பயந்து சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்! அது உயிருக்கே ஆபத்து.

திடீரெனக் குழப்பம், கடும் தலைவலி, வலிப்பு, காய்ச்சல் வந்தால் அது சாதாரண மறதி அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. நோயோடு போராடி மீண்டவளிடம், "உப்புப் போட மறந்தாயா?" என்று சீறலாமா? கரிந்த குழம்பை நாளை மீண்டும் வைக்கலாம். நொந்த மனதை ஆற்றுவது எளிதல்ல.

மருந்தை டாக்டர் கொடுப்பார். பொறுமையை நாம்தான் கொடுக்க வேண்டும்!