கைக்குத் தக்க வார் வேண்டும்!

ஸ்மார்ட் வாட்ச் இப்போது எல்லோர் கையிலும் ஏறிவிட்டது. கல்லூரி மாணவர் கட்டியிருக்கிறார். மளிகைக் கடைக்காரர் கட்டியிருக்கிறார். காலையில் நடைப் பயிற்சிக்குப் போகும் தாத்தாவும் கட்டியிருக்கிறார்.

வாட்ச் வாங்கும்போது பல கேள்விகள் கேட்கிறோம். விலை என்ன? பாட்டரி எத்தனை நாள் நிற்கும்? நாடித் துடிப்பைக் காட்டுமா?

ஆனால், அதைக் கையோடு பிடித்து வைத்திருக்கும் வாரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை!

வார் என்றால் எது? கடைக்காரர் "ஸ்ட்ராப்" என்கிறாரே, அதுதான்.

கடையில் தொங்கும் வாரை வாங்குவதா? கையை அளவெடுத்துச் செய்து வாங்குவதா? "இது ஒரு பெரிய விஷயமா?" என்று சிலர் நினைக்கலாம். பெரிய விஷயம்தான். ஏன் என்று பார்ப்போம்.

அன்றைய வார்

ஒரு காலத்தில் ஆண்கள் கடிகாரத்தைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார்கள். அதில் ஒரு சங்கிலி தொங்கும்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பதுங்கு குழியில் கிடக்கும் சிப்பாய்க்கு இரண்டு கைகளும் வேண்டும். பைக்குள் கையை விட்டு மணி பார்க்க நேரம் ஏது? அதனால் கடிகாரத்தைக் கையிலேயே கட்டிக் கொண்டார்கள். 1918-ல் போர் முடிந்தது. கைக்கடிகாரம் நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம் 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பல வீடுகளில் அப்பாவின் முதல் கடிகாரம் அதுதான். அந்தக் கடிகாரத் தொழிலை மூடுவது என்று 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது.

அந்தக் கடிகாரங்களில் வார் அறுந்தால் யாரும் கவலைப்பட்டதில்லை. தெருமுனையில் கடிகாரம் பழுது பார்ப்பவர் இருப்பார். அவர் வேறொரு வாரை மாட்டிக் கொடுப்பார். பெரிதாக இருந்தால் இன்னொரு துளை போடுவார். வேலை முடிந்தது.

வார் தளர்ந்திருந்தாலும் கடிகாரம் சரியான மணியைத்தான் காட்டும். கடிகாரம் கீழே விழாமல் இருந்தால் போதும். அது ஒன்றுதான் வாரின் வேலை.

இன்று நிலைமை வேறு

ஸ்மார்ட் வாட்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சை விளக்கு மினுக்கும்.

அது அலங்காரம் அல்ல. நாடி பார்க்கும் விளக்கு!

இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் துடிக்கும்போது மணிக்கட்டில் இரத்தம் கூடும். அடுத்த கணம் குறையும். அதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். வாட்ச் அதைக் கணக்கிட்டு, "நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு" என்று சொல்கிறது.

வார் தளர்ந்திருந்தால் என்ன ஆகும்? வாட்ச் ஆடும். வெளி வெளிச்சம் உள்ளே புகும். கணக்குத் தவறும்.

இறுக்கிக் கட்டினாலோ தோல் மூச்சு முட்டும். வியர்வை தங்கும். அரிப்பு வரும்.

ஆகவே வாட்ச் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் அழுத்தக் கூடாது. இதைச் செய்வது யார்? வார்தான்! முன்பு வார் ஒரு துணைப் பொருள். இன்று அதுவே எந்திரத்தின் ஓர் உறுப்பாகிவிட்டது.

(வார் சரியாக இருந்தாலும் வாட்ச் டாக்டர் ஆகிவிடாது. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்க்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள்.)

ஒரே அச்சு, ஆயிரம் கை

தொழிற்சாலை வார் எப்படி உருவாகிறது? ஓர் அச்சு செய்கிறார்கள். அதில் சிலிக்கோன் என்னும் ரப்பர் போன்ற பொருளை வார்க்கிறார்கள். ஒரே மாதிரியாக ஆயிரக்கணக்கில் வந்து விழுகிறது.

இதில் நன்மை உண்டு. விலை மலிவு. தண்ணீர் பட்டாலும் கெடாது. கழுவித் துடைக்கலாம். போன உடனே கிடைக்கும். இதையெல்லாம் மறுக்க முடியாது.

ஆனால் மனிதரின் கை ஓர் அச்சில் வார்த்தது அல்லவே! பாட்டியின் மணிக்கட்டு எலும்பும் தோலுமாக இருக்கிறது. லாரி ஓட்டும் மாமாவின் மணிக்கட்டு உருண்டு திரண்டிருக்கிறது. பெரும்பாலும் இருவருக்கும் "சிறியது", "பெரியது" என்று இரண்டே அளவுதான் கிடைக்கிறது.

ஒரு துளையில் மாட்டினால் இறுக்குகிறது. அடுத்த துளையில் மாட்டினால் தொளதொளக்கிறது. நடுவில் துளை இல்லை. பலருக்கு நேர்வது இதுதான்.

தோலில் படுவது எது?

அளவு மட்டும் பார்த்தால் போதாது. வார் எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். பலர் தூங்கும்போதுகூட வாட்சைக் கழற்றுவதில்லை. இரவும் பகலும் தோலில் ஒட்டிக் கிடக்கும் பொருள் அது.

அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் 22 வார்களைச் சோதித்தார்கள். 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். 9 வார்களில் ஒரு ரசாயன அமிலம் இருந்தது. எளிதில் அழியாததால் "என்றும் அழியாத ரசாயனம்" என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது அது. வியர்வையும் எண்ணெய்க் கறையும் ஒட்டாமல் இருப்பதற்காக, புளூரின் கலந்த ஒரு வகை ரப்பரில் சில வார்களைச் செய்கிறார்கள். அந்த அமிலம் இருந்தது அத்தகைய வார்களில்தான்.

இதில் ஒரு வேடிக்கை! மலிவான வார்களைவிட, விலை கூடிய வார்களில்தான் புளூரின் அதிகம் இருந்தது.

இதனால் இன்னாருக்கு இன்ன நோய் வந்தது என்று அந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. பயப்பட வேண்டியதில்லை. ஆனால் "விலை அதிகம், அதனால் நல்லது" என்று கண்ணை மூடிக் கொண்டு வாங்கக் கூடாது.

இன்னொரு செய்தி. 2014-ல் பிட்பிட் நிறுவனம் "போர்ஸ்" என்ற கைப்பட்டையைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் பட்டைகள்! காரணம்? கட்டியவர்கள் பலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வந்தன.

வாரின் கொக்கியிலும் கவனம் வேண்டும். நிக்கல் என்னும் உலோகம் சிலருக்கு ஒத்துக் கொள்ளாது. இதனால் கடிகார வாரில் இருந்து கசியும் நிக்கலுக்கு ஐரோப்பிய நாடுகள் 1994-லேயே வரம்பு கட்டின.

அளவெடுத்துச் செய்தால் என்ன லாபம்?

அளவெடுத்துச் செய்பவரிடம் "இது என்ன பொருள்?" என்று கேட்கலாம். "இது வேண்டாம், அது போடுங்கள்" என்று சொல்லலாம். அச்சில் வார்த்த பொருளிடம் கேட்க முடியுமா?

தோல் வாரையே எடுத்துக் கொள்வோம். நல்ல தொழிலாளி முதலில் உங்கள் மணிக்கட்டைச் சுற்றி அளவெடுப்பார். தோலை வெட்டுவார். மடியும் இடத்தில் சீவி மெல்லியதாக்குவார். மெழுகு பூசிய நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமும் நுழைத்துத் தைப்பார்.

இந்தக் கைத் தையலில் ஒரு சிறப்பு உண்டு. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்த தையல் பிடித்துக் கொள்ளும். எந்திரத் தையல் அறுந்தால் சரசரவென்று பிரிந்து வரும்.

துளை எங்கே வேண்டுமோ அங்கே போடுவார். கொக்கி பழையதாகிப் போனால் மாற்றித் தருவார். வார் ஓரம் பிரிந்தால் மீண்டும் தைத்துத் தருவார்.

நம் மாநிலத் தொழில்

தோல் தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றாலே தோல்தான் நினைவுக்கு வரும். சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் நடந்து வருகிறது. ஆவாரம் பட்டையைக் கொண்டு தோல் பதனிடுவது நம் பழைய வழக்கம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, மாசு செய்த தோல் தொழிற்சாலைகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஆகவே தோல் என்றாலே சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. எப்படிப் பதனிட்டது என்று கேட்க வேண்டும். குரோமியம் என்னும் உலோக உப்பால் பதனிட்ட தோல் சிலருக்கு ஒவ்வாது.

2023 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் வாட்சுக்குத் தோல் வார் செய்வதை நிறுத்திவிட்டது. பூமி சூடாவதைக் குறைக்க இந்த ஏற்பாடு என்று சொன்னது. அதற்குப் பிறகு, தோல் வார்தான் வேண்டும் என்பவர் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. பெரிய கம்பெனி விட்ட இடம், கைத் தொழிலாளிக்குப் பிழைப்பு ஆகலாம்.

விலை கட்டுமா?

கடையில் தொங்கும் வார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அளவெடுத்துச் செய்வது அதைப் போல் சில மடங்கு ஆகும். காத்திருக்கவும் வேண்டும்.

எல்லோரும் இதைச் செய்யத்தான் வேண்டுமா? தேவையில்லை! கடை வார் உங்கள் கைக்குச் சரியாக இருக்கிறதா? அரிப்பு இல்லையா? அதையே கட்டுங்கள். பணம் மிச்சம்.

ஆனால் கை மெலிந்தவர், கை பருத்தவர், அரிப்பு வருகிறவர், ஆண்டுதோறும் வார் மாற்றுகிறவர் ஆகியோர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நான்கு மலிவு வார்களின் விலையில், நெடுநாள் உழைக்கும் ஒரு வார் வந்துவிடலாம்.

ஆர்டர் கொடுக்குமுன்

இவற்றை மறக்காதீர்கள்:

1. வாட்ச் கட்டும் இடத்திலேயே மணிக்கட்டை அளவெடுக்கச் சொல்லுங்கள். மாலையில் கை சற்று உப்பியிருக்கும். அதையும் சொல்லுங்கள்.

2. வாட்சைக் கையோடு கொண்டு போங்கள். வார் மாட்டும் இடத்தின் அகலம் பல வாட்சுகளில் 20 அல்லது 22 மில்லிமீட்டர். சில வாட்சுகளில் அந்த வாட்சுக்கே உரிய தனிப் பூட்டு இருக்கும். பொதுவான அகலம் என்றால், வாட்ச் பழுதானாலும் வார் அடுத்த வாட்சுக்கு உதவும்.

3. ரெக்சினைத் தோல் என்று விற்பவர் உண்டு. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோலில் நார் தெரியும். ரெக்சினில் அடித் துணி தெரியும்.

4. ஓடுவதற்கும் நீந்துவதற்கும் தோல் வார் ஆகாது. அதற்கு ஒரு ரப்பர் வார் வைத்துக் கொள்ளுங்கள்.

5. வார் தளர்ந்தாலோ பிரிந்தாலோ சரி செய்து தருவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.

சட்டை வாங்கும்போது தோள் அளவு பார்க்கிறோம். செருப்பு வாங்கும்போது போட்டு நடந்து பார்க்கிறோம். இரவும் பகலும் கையில் கிடக்கும் வாருக்கு மட்டும் அளவு பார்க்காமல் இருக்கலாமா?

அடுத்த முறை வார் அறுந்தால், உடனே கடைக்கு ஓடாதீர்கள். உங்கள் ஊரில் தோல் பை தைக்கும் தொழிலாளி இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவரிடம் கையை நீட்டுங்கள். உங்கள் கைக்குத் தக்க வார் கிடைக்கும். அவர் வீட்டிலும் அடுப்பு எரியும்!