பறவையைப் பறக்க விட்டுப் பார்ப்பது பார்ப்பதல்ல

கோடியக்கரைக்குப் போகிறவர்களில் பலர் பறவையைப் பார்க்கப் போவதில்லை, அதைத் துரத்திப் பார்க்கத்தான் போகிறார்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் நானும் வீட்டுக்காரியும் அங்கே காட்டோரத்து விடுதி ஒன்றில் மூன்று நாள் தங்கினோம். உப்பளத்துப் பக்கம் தேங்கிய நீரில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரை வடிகட்டி மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய இளைஞர்களில் ஒருவர் ஓங்கிக் கை தட்டினார், இன்னொருவர் மண்ணாங்கட்டியை வீசினார். கூட்டம் மொத்தமும் எழுந்தது. படமும் எடுத்தாயிற்று.

"தம்பி, அதுங்க சாப்பிடுதுங்க, விடுங்கப்பா" என்றேன்.

"இறக்கை இருக்கறதே பறக்கத்தானே சார்!"

நமக்கும்தான் கால் இருக்கிறது. அதற்காகப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி ஓட விடலாமா?

பூநாரையாவது பெரிய பறவை. பக்கத்திலேயே மேயும் கொசு உள்ளானின் எடை 20, 30 கிராம்தான். ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. கோடையில் திரும்பிப் போக உடம்பில் கொழுப்பு சேர வேண்டும். நீர் ஆழமில்லாத இடத்தில், கிடைக்கிற நேரத்தில் தின்றால்தான் அது சேரும். நாம் ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறோம்.

"சுற்றுலா வந்தால்தானே உள்ளூர்க்காரருக்குப் பிழைப்பு?" என்பார்கள். சரிதான். பறவை வராவிட்டால் யார் வருவார்கள்? 1967இல் சரணாலயம் ஆன இடம், 2002இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் பறவை தங்கிவிடாது.

பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். மேயும் பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தாலே நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள், முடிந்தால் இரண்டடி பின்னால் போங்கள். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் அவையே மேய்ந்துகொண்டு பக்கத்தில் வரும்.

பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். கல் எடுக்கிற கையை அங்கேயே பிடித்து நிறுத்துங்கள். ஊரார் பிள்ளையாக இருந்தாலும் சொல்லுங்கள். இந்த வயதில் நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?