மூன்று ஜன்னல் போதுமாம்

சூலக்கரையிலிருந்து சிவகாசி அச்சகங்களுக்கு நாட்காட்டியும் அழைப்பிதழும் வடிவமைத்துத் தருகிற நண்பர், இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் விண்டோஸ் உரிமக் குறியீட்டை வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டார். மலிவின் மீது எனக்கு வழக்கில்லை. எதைப் பிடுங்கிக்கொண்டு மலிவாக்கினார்கள் என்பதே என் வழக்கு.

2005இல் இந்தியில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் பதிப்பை நினைத்துப் பாருங்கள். புதுக் கணினியோடு மட்டுமே கிடைக்கும். ஒரே நேரத்தில் மூன்று நிரல்கள்தாம் இயங்கும். பேஜ்மேக்கர், கோரல்டிரா, ஃபோட்டோஷாப் என்று திறந்தால் கணக்கு முடிந்தது. வாடிக்கையாளரின் மின்னஞ்சலைப் பார்க்க ஒன்றை மூட வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு எளிமையாம்! தாய்மொழியில் கணினியைத் தொடுகிறவனுக்கு நான்காவது ஜன்னல் தேவைப்படாது என்று தீர்மானிக்க இவர்கள் யார்? 2009இல் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் அந்த வரம்பை நீக்கினார்கள். ஆனால் திரையின் பின்னணிப் படத்தை மாற்ற விடவில்லை. (நாட்காட்டி அச்சடிக்கும் ஊர்க்காரனிடம், சுவரில் படத்தை மாற்றாதே என்பதுபோல.)

நண்பர் கேட்ட குறியீட்டுக்கு வருகிறேன். இப்படி விற்கப்படுபவற்றில் பல, நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்திலிருந்து கழற்றப்பட்டவை. அல்லது வேறொரு கணினியோடு கட்டப்பட்ட ஓஇஎம் உரிமங்கள். இன்று இயங்கலாம், நாளை முடக்கப்பட்டால் விற்றவனைத் தேட முடியாது.

லினக்ஸில் இங்க்ஸ்கேப்பும் ஸ்கிரைபஸும் இலவசமாக இருக்கின்றனவே என்றேன். "அச்சகத்தில் கோரல் கோப்புத்தானே கேட்கிறார்கள்?" என்றார். அதற்கு என்னிடம் பதிலில்லை.